ஃபார்மட் போட்டா எல்லாம் சரியாயிடுமா?

மூணு மாசமா இந்தக் கடையைத் தொறக்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, டேமேஜர் விட மாட்டேங்கறார். இப்பவும் எழுதியிருக்க மாட்டேன். ஊர்ப் பசங்க வாட்ஸ்அப் குழுவுல ரெண்டு நாளா நடந்த சண்டையைப் பாத்து வயிறு எரிஞ்சதால இந்தப் பதிவு.

மேட்டர் இதுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு. விண்டோஸ் 11க்குப் போகணும்னா டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறை புராசஸராவது வேணும். நம்ம ஊர்ல பாதிப் பேர்கிட்ட இருக்குற பொட்டி அதுக்கெல்லாம் தாத்தா. உடனே ஒருத்தன், "பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குல"ங்கறான். இன்னொருத்தன், "லினக்ஸ் போடு மச்சி, வைரஸே வராது"ங்கறான். மூணாவது ஆளு ரொம்ப நிதானமா, "மொதல்ல ஒரு ஃபார்மட் போட்டுப் பாரு, எல்லாம் சரியாயிடும்"ங்கறான்.

என் கட்சி என்னன்னா, மூணு பேரும் தப்பு. மூணாமவன் மேல தனிக் கோவம். ஏன்னா ஒரு காலத்துல நானும் அவன்தான்.

எங்கப்பா தருவைகுளத்துல நாலு விசைப்படகுக்குக் கணக்கு எழுதுறவர். ஏலத்துல மீன் போன விலை, டீசல், ஐஸ், கடலுக்குப் போறவங்களுக்குக் குடுத்த முன்பணம், எல்லாம் ஒரு பழைய டெஸ்க்டாப்புல எக்ஸெல்ல இருக்கும். 2023ல ஒருநாள் போன் பண்ணி, "எய்யா, கம்ப்யூட்டரு ரொம்பப் பைய ஓடுது, தொறக்கவே கால்மணி நேரம் ஆகுது"ன்னார். நான் சென்னையில மீட்டிங்ல இருந்தேன். ஒரு நிமிஷம் யோசிக்கல. "கடையில குடுத்து ஃபார்மட் போடச் சொல்லுங்கப்பா"ன்னு வச்சிட்டேன். இஞ்சினியரிங் படிச்ச மகன் சொல்லிட்டான், அப்புறம் என்ன?

கடைப் பையன், "சி டிரைவ் மட்டுமா, எல்லாமேவா?"ன்னு கேட்டிருக்கான். "எல்லாத்தையும் சுத்தம் பண்ணிரு தம்பி"ன்னு அப்பா சொல்லிட்டார். ஒன்பது வருஷக் கணக்கு போச்சு. எங்க ஆச்சி கடைசியாக் கொண்டாடுன கிறிஸ்துமஸ் வீடியோவும் போச்சு. அதோட வேற காப்பி கெடையாது.

இதுல கொடுமை என்னன்னா, ஒரு வாரம் கழிச்சு மெஷின் மறுபடியும் பைய ஓடிச்சு.

அந்த ஹார்ட் டிஸ்கை எங்க பழைய ஆபீஸ்ல இருந்த சிஸ்டம் அட்மின் அண்ணாச்சிகிட்ட எடுத்துட்டுப் போனேன். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். தொண்ணூறுகள்ல கப்பல் ஏஜென்சி ஆபீஸ்கள்ல நாவெல் நெட்வேர், எஸ்சிஓ யூனிக்ஸ்னு ஆரம்பிச்சு சர்வர் ரூமிலயே தலை நரைச்சவர். டிஸ்கை மாட்டி, ஸ்மார்ட்சிடிஎல்னு ஒரு கட்டளை அடிச்சு, ரெண்டு நிமிஷத்துல சொன்னார். "தம்பி, டிஸ்க் சாவக் கிடக்கு. செக்டார் செக்டாராக் கெட்டுப் போயிருக்கு. அது மெதுவா ஓடுனது, 'என்கிட்ட இருக்குறதை வேற எடத்துக்கு மாத்து'ன்னு கேட்டதுய்யா. நீ அதைக் கேக்காம மேல வெள்ளையடிச்சிட்டே."

ஃபோட்டோரெக் வச்சு ரெண்டு ராத்திரி முயற்சி பண்ணார். பேரில்லாத கொஞ்சம் எக்ஸெல் கோப்பு வந்துச்சு. வீடியோ வரல.

அந்த ரெண்டு ராத்திரி அவர் பேசினதுதான் இந்தப் பதிவோட சரக்கு. சாமர்த்தியம் எதுவும் என்னுதில்ல, கோவம் மட்டும்தான் என்னுது.

மொதல்ல லினக்ஸ் அன்பர்களுக்கு. நானும் உபுண்டுலதான் பொட்டி தட்டுறேன், ஆட்டோ அனுப்பிராதீங்க. ஆனா 'லினக்ஸ் போட்டா ஒண்ணும் வராது'ங்கறது பக்தி, பராமரிப்பு இல்ல. 2014ல ஓப்பன்எஸ்எஸ்எல்ல வந்த ஹார்ட்பிளீட் ஓட்டை விண்டோஸோடதா? 2024 மார்ச்சுல எக்ஸ்இசட் நூலகத்துக்குள்ள யாரோ பின்வாசல் வச்சிருந்தாங்களே, அது பெருவாரியான சர்வர்களுக்குப் போறதுக்கு முன்னாடி எப்படி மாட்டுச்சு? எஸ்எஸ்ஹெச் லாகின் அரை வினாடி தாமதமாகுதேன்னு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்னு ஒருத்தர் துருவிப் பாத்ததால. அவர் வேலை பாக்குறது மைக்ரோசாஃப்ட்ல! பைய ஓடுதுன்னதும் அவர் ஃபார்மட் போடல, ஏன்னு கேட்டார். நான் கேக்கல.

அடுத்து விண்டோஸ் அன்பர்கள். 2017 மே 12ல வான்னாக்ரை உலகத்தையே ஆட்டுச்சு. அந்த ஓட்டைக்கு மார்ச் 14லயே திருத்தம் வந்தாச்சு. ரெண்டு மாசம் 'ரிமைண்ட் மீ லேட்டர்' அமுக்குனவங்கதான் அதிகமா மாட்டுனாங்க. 'அப்போ வந்த உடனே எல்லாத்தையும் போட்டுரணும்'னு கெளம்பாதீங்க. 2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்புன ஒரே ஒரு அப்டேட்டுல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையோட படுத்துச்சு. நம்ம நாட்டு விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. அண்ணாச்சி கணக்கு சிம்பிள். அப்டேட் போடாம இருக்காத, எல்லாத்துலயும் ஒரே நாள்லயும் போடாத. மொதல்ல ஒரு மெஷின், ஒருநாள் பாரு, அப்புறம் மத்தது.

பேக்கப் பத்தி அவர் சொன்னது இன்னும் உறைக்கும். 'திருப்பி எடுத்துப் பாக்காத பேக்கப் பேக்கப்பே இல்ல.' நம்மூர் துறைமுகத்துல கன்டெய்னர் லாரி பாத்தவங்களுக்கு மெர்ஸ்க் பேர் தெரியும். 2017 ஜூன் 27ல நாட்பெட்யா தாக்குனப்ப அவங்க முழு நெட்வொர்க்கும் படுத்துது. மும்பை நவசேவாவுல இருந்த முனையம் வரைக்கும் அடி. எல்லா டொமைன் கன்ட்ரோலரும் ஒண்ணுக்கொண்ணு காப்பி, அதனால எல்லாமே ஒண்ணா அழிஞ்சுது. கானா நாட்டு ஆபீஸ்ல மட்டும் ஒண்ணு பொழைச்சுது. ஏன் தெரியுமா? அங்க அந்த நேரம் கரண்ட் கட்! அதை வச்சுத்தான் பத்து நாள்ல சுமார் 4,000 சர்வர், 45,000 பிசியைத் திரும்பக் கட்டுனாங்க. எப்பவும் சொருகியே இருக்குற பேக்கப் பேக்கப் இல்லங்கறதுக்கு இதுக்கு மேல உதாரணம் வேணுமா? மூணு பிரதி, ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வேற எடத்துல. அவ்வளவுதான் வித்தை.

இன்னொண்ணு, எந்த வெள்ளைக்காரன் பிளாக்லயும் இருக்காது. உப்புக்காத்து. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம்னு இருக்குற நம்மூர்ல பொட்டிக்குள்ள ஈரமும் உப்பும் தூசியும் சேந்து பசையாயிடும். ஃபேன் சிக்கும், ரேம் காலுல களிம்பு ஏறும். மெஷின் பீப் அடிச்சு நின்னா முக்காவாசி நேரம் கரண்டைப் பிடுங்கிட்டு, ரேமைக் கழட்டி, காலை ரப்பர் வச்சுத் தொடைச்சு மாட்டுனாப் போதும். இதுக்கு எந்த ஓஎஸ் போட்டாலும் மருந்து கிடையாது.

'சாதாரண சனத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கடைக்காரன்தான தப்பு?'ன்னு பின்னூட்டத்துல கேப்பீங்க. அந்தப் பையனை நான் திட்ட மாட்டேன். அவனுக்கு ஃபார்மட் போட்டா காசு. 'டிஸ்க் போச்சு, மொதல்ல காப்பி எடுங்க'ன்னு சொன்னா, "சும்மா பாத்ததுக்குக் காசா?"ன்னு நாமளே சண்டைக்குப் போவோம். கெட்டுப் போகாம பாத்துக்கிட்டவனுக்குக் காசு குடுக்கற பழக்கம் நம்மகிட்ட இல்ல. ஆபீஸ்லயும் அதே கதைதான். சர்வர் ஓடுனா 'இவர் சும்மாதான உக்காந்திருக்கார்', நின்னா 'இவருக்கு எதுக்குச் சம்பளம்'.

அரசாங்கமும் இப்படித்தான். 2006க்கு அப்புறம் உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட்ல இருந்தப்ப சூசே லினக்ஸைக் கொண்டாந்தார். 2011ல இலவச லேப்டாப் திட்டம் வந்துச்சு. எனக்குக் கெடைச்சதுல விண்டோஸும் இருந்துச்சு, சென்னை சி-டாக் உருவாக்குன பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எங்க வகுப்புல முக்காவாசிப் பேர் ஒரு மாசத்துக்குள்ள ரெண்டையும் அழிச்சிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டோம். பாஸ் மோசம்னு இல்ல. சந்தேகம் கேக்க ஆள் இல்ல. பக்கத்துக் கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடங்கள்ல க்னூ/லினக்ஸ் பல வருஷமா நிக்குது. அங்க பள்ளிக்கூடத்துலயே அதுக்குன்னு பொறுப்பான ஒரு ஆசிரியர், அவருக்குப் பயிற்சி, பின்னால கைட் அமைப்பு. அவங்க மென்பொருளோட ஆளையும் குடுத்தாங்க. நாம பொட்டியை மட்டும் குடுத்தோம்.

கடல்காரனுக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதே இல்ல. வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கத்தான் அந்தத் தடை, ஆனா எங்க ஊர் அந்த நாளை வீணாக்காது. படகைக் கரையேத்தி, அடியில ஒட்டுன சிப்பியச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, இஞ்சினைப் பிரிச்சுப் பாத்து, வலையைச் சரி பண்ணுவாங்க. 'போன வருஷம் நல்லாத்தான ஓடுச்சு, எதுக்குச் செலவு?'ன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நடுக்கடல்ல நின்னா ஃபார்மட் போட முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

கடைசியா அந்தக் கணக்கு என்னாச்சுன்னு சொல்லிடறேன். அப்பா ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனார். "உங்களுக்கு எவ்வளவு முன்பணம் குடுத்தோம்னு நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டு எழுதினார். ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் சொன்னாங்க. அந்த ரெண்டு பேர் பாக்கியை அப்பா கையிலருந்து கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டல. "போனது போகட்டும்"னார். ஆச்சி வீடியோ பத்திப் பேச்சே எடுக்கல, இன்னிக்கு வரைக்கும்.

இப்போ அப்பாகிட்ட ரெண்டு வெளி டிஸ்க் இருக்கு. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு சித்தப்பா வீட்டுல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மாத்தி மாத்தி எடுத்துட்டு வருவார். மாசத்துக்கு ஒருதடவை ஏதாவது ஒரு கோப்பைத் திருப்பி எடுத்துப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணுவார், "வந்துருச்சுய்யா"ன்னு.

நீங்க எப்போ கடைசியா எடுத்துப் பாத்தீங்க?

டிஸ்கி: எந்த ஓஎஸ் ஒசத்தின்னு பின்னூட்டத்துல கும்மி அடிக்கறவங்க, மொதல்ல உங்க கடைசி பேக்கப் தேதியைப் போட்டுட்டு அடிக்கவும். தேதி இல்லாத பின்னூட்டம் வெளியிடப்படாது.