விழியிலார் எல்லாம் ஒரு குலமா?

உருவம் ஒத்தால் உறவு என்பர் சிலர். எளியதெல்லாம் பழையது என்பர் வேறு சிலர். பெரியவர் ஒருவர் வகுத்துவிட்டால் அதுவே முடிந்த முடிபு என்பர் இன்னும் சிலர். இம்மூன்று எண்ணங்களையும் தகர்த்திடக் கல்லாய்ச் சமைந்த கடலுயிர் ஒன்று போதும். டிரைலோபைட் என்பது அதன் பெயர்.

ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகட்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுகட்கு முன் பூண்டற்றுப் போன கூட்டம் அது. நீளவாக்கில் மும்மடலாய்ப் பிரிந்த ஓடு, கணுக்கணுவான உடல், நண்டுக்கும் தேளுக்கும் தொலைதூர உறவு. இதுவரை பெயர் சூட்டப்பெற்ற இனங்கள் 20,000க்கு மேல். உயிரோடு இருப்பது ஒன்றுகூட இல்லை; எனவே மரபணுவைக் கொண்டு உறவறிய வழியில்லை. மிகச் சில இனங்களில்தான் கால்கள் கல்லில் பதிந்துள்ளன. ஏனையவற்றில் எஞ்சியது ஓடு ஒன்றே. ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு கொடிவழி எழுதுவது எங்ஙனம்?

1897ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் பீச்சர் ஒரு வழி கூறினார். சட்டை உரிக்கும்போது தலையோடு பிளவுறும் தையற்கோடு ஒன்று உண்டு. அக்கோடு செல்லும் போக்கைக் கொண்டு அனைத்தையும் மூன்று வரிசைகளாக வகுத்தார். கண்ணற்றவை ஒரு வரிசையில் அடைக்கப்பட்டன. இளம்பருவ உயிரின் மேல்ஓட்டில் கண் காணப்படாதது கண்டு, கண்ணற்றவையே மிகத் தொன்மையானவை என்றும் கருதினார். அறிஞரின் உழைப்பு பெரிது, ஐயமில்லை. ஆனால், முடிவு நிலைத்ததா?

நிலைக்கவில்லை! கண்ணிழந்தவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. கண்ணுடைய முன்னோரிடமிருந்து வெவ்வேறு கிளைகளில், வெவ்வேறு காலங்களில் கண் மங்கி மறைந்திருக்கிறது. டெவோனியக் காலத்தின் பிற்பகுதியில் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இரு கூட்டங்கள் தனித்தனியே பார்வை இழந்ததைப் பாறை அடுக்குகள் காட்டுகின்றன. குகைமீனுக்கும் கண்ணில்லை, மண்ணுக்குள் வாழும் அகழெலிகள் சிலவற்றுக்கும் பார்வையில்லை. அதனால் இரண்டும் உடன்பிறப்பாகிவிடுமா? இழப்பு ஒன்றாயிருப்பது இரத்தம் ஒன்றென்பதற்குச் சான்றாகாது.

பின் எதுதான் சான்று? 1950ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக் அளவுகோலைத் தெளிவாக்கினார். எல்லோர்க்கும் பொதுவான பழஞ்சொத்து உறவின் நெருக்கத்தைக் காட்டாது. மும்மடல் எல்லா டிரைலோபைட்டுக்கும் உண்டு. எனவே எவை இரண்டு நெருங்கியவை என்பதை அது கூறாது. புதிதாய்த் தோன்றிச் சிலவற்றில் மட்டும் காணப்படும் பண்பே பேசும்.

வளர்ச்சிப் பருவங்களும் பேசும். பொஹீமியாவில் யோவாக்கிம் பராந்து என்பார், தனித்தனி இனங்களெனப் பெயர் பெற்றிருந்த பல வடிவங்கள் ஒரே உயிரின் வளர்ச்சிப் படிகளே என்பதை 1852ஆம் ஆண்டில் காட்டினார். அவரோ பரிணாமத்தை ஏற்காதவர்! ஏற்காதவர் கண்ட உண்மையும் உண்மைதான், சான்றுக்குக் கட்சியில்லை.

1988ஆம் ஆண்டில் ஃபோர்ட்டி, சாட்டர்ட்டன் எனும் இருவர், இளம்பருவ வடிவத்தையும் தலையடித் தையலையும் சான்றாக்கி, பீச்சரின் கண்ணற்ற வரிசையிலிருந்த டிரைநியூக்ளியஸ் குடும்பத்தைக் கண்ணுடைய அசாஃபஸ் கூட்டத்தோடு சேர்த்தனர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மறு ஆய்வொன்று அதனையும் பிரித்துத் தனி வரிசையாக்கியது. அந்த ஆய்வாளருள் ஒருவர் யார்? முன்பு சேர்த்துவைத்த அதே சாட்டர்ட்டன்!

இங்கேதான் ஏளனக்காரர் எழுகிறார். நேற்றொன்று, இன்றொன்று, இதுவா அறிவியல் என்று நகைக்கிறார். ஆம், நண்பரே, இதுதான் அறிவியல்! தான் கட்டிய வீட்டில் விரிசல் கண்டதும் தானே இடிக்கத் துணிபவன் கொத்தனாரில் சிறந்தவன். விரிசலைச் சுண்ணாம்பு பூசி மறைப்பவனிடம் நீர் குடியிருக்கத் துணிவீரா? மாறாதிருப்பது பெருமையன்று, மாறுவதற்குக் காரணம் காட்டுவதே பெருமை.

கொடிவழி எழுதுவோர் எவராயினும், எந்த உயிர்க்காயினும், நாம் கேட்க வேண்டியது ஒன்றே: சான்று எங்கே? ஒத்த தோற்றத்தைக் காட்டினால் போதாது. மூத்த பெயரைக் காட்டினால் போதவே போதாது.