கானகம் காட்சிச்சாலை அன்று

வனவிலங்கு என்றால் ஆப்பிரிக்காதான் என்றோர் அபிப்பிராயம் கொங்கு நாட்டின் வசதி படைத்த இல்லங்களில் வேரூன்றிவிட்டது. கோடை விடுமுறையில் குழந்தை குட்டிகளோடு கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய், சிங்கத்தையும் வரிக்குதிரையையும் ஒட்டகச்சிவிங்கியையும் படம்பிடித்துத் திரும்புகிறவர்கள், "நம்ம டாப்சிலிப்புல என்னங்க இருக்குது? நாலு மானும் ரெண்டு கொரங்குந்தானுங்க" என்று சலித்துக்கொள்வதைக் கோவையிலும் பொள்ளாச்சியிலும் கேட்கலாம். பயணத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. பொருளுள்ளவர் உலகம் சுற்றுவது நன்றே. ஆட்சேபமெல்லாம் அந்தச் சலிப்பின் மீதுதான்.

ஆப்பிரிக்காவில் விலங்குகள் எளிதில் கண்ணில் படுவதற்குக் காரணம், அந்தப் பூமியின் அமைப்பு. மரம் அருகிய புல்வெளியில், மேய்வனவும் அவற்றைத் தின்பனவும் ஒளிய இடமின்றி நடமாடுகின்றன. டாப்சிலிப் இருக்கும் ஆனைமலையிலோ மழைக்காடு, மறைவே அங்கு உயிருக்கு அரண். வெட்டவெளிக்குரிய கணக்கைக் கொண்டு சோலைக்காட்டை மதிப்பிடுவோர் எண்ணெயை முழக்கோலால் அளக்கின்றனர்.

அவர்கள் இகழும் அந்தக் 'குரங்கு' எது? சிங்கவால் குரங்காயின், அதுவும் வரையாடும் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மாராவின் வில்டபீஸ்ட் மந்தைகள் லட்சக்கணக்கில் திரிய, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு 2024 கணக்கெடுப்பில் இம்மாநிலத்தில் 1,031 மட்டுமே. பெரிய இருவாச்சியின் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்க, சேவல் சிறு இடுக்கின் வழியே பழம் ஊட்டி, தான் தின்றவற்றின் வித்துக்களைக் காடெங்கும் பரப்புகிறது. அப்படி வளர்ந்த காடும், உச்சியிலுள்ள சோலைகளும் புல்வெளிகளும் மழையை வாங்கிவைத்து மெள்ளக் கசியவிடுவதனாலேதான் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால்களில் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நீர் வருகிறது. ஒன்றுமில்லை என்று கைவிரிப்பவரின் தென்னந்தோப்பே அந்த 'ஒன்றுமில்லாத' மலையின் தயவில்தான் நிற்கிறது.

இந்த மயக்கம் தீங்கற்றதுமன்று. கொடுத்த காசுக்குக் காட்சி கிடைத்தாக வேண்டும் என்று வருகிறவர், வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்துச் சாலையில் வண்டியை நிறுத்திச் சிங்கவால் குரங்குக்குத் தின்பண்டம் வீசுகிறார். மரக்கிளையிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டிய அப்பிராணி தரையில் இறங்கப் பழகி, அடுத்து வரும் சக்கரத்துக்கு இரையாகிறது.

பிள்ளைகளுக்கு எதையாவது காட்ட வேண்டாமா என்பர். காட்டலாமே: யானை உரசிய மரத்தை, கரடி கிளறிய புற்றை, உருவம் தெரியுமுன்பே தலைக்குமேல் கேட்கும் இருவாச்சியின் சிறகொலியை. அவற்றைப் படித்தறியும் வித்தையை ஆனைமலைப் பழங்குடியினரான காடர்களும் மலசர்களும் பரம்பரையாக அறிவர். அவர்களோடு அரை நாள் மௌனமாக நடந்த குழந்தை, ஜீப்பிலிருந்து பத்துச் சிங்கங்களைக் கண்ட குழந்தையைவிடக் காட்டை அதிகம் அறிந்திருக்கும்.

ஆப்பிரிக்கா போகிறவர் தாராளமாகப் போகட்டும். போகுமுன், தம் வயலுக்கு வரும் நீர் எந்த மலையில் எதனால் பிறக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போகட்டும்.