யாரைப் போய்த் திட்டுவது?

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் என் நண்பர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நிஜ ஹார்டுவேர்: ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட். பி.காம். படித்த பாவத்துக்கு, மாதக் கடைசியில் அவர் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை.

போன தடவை போனபோது மனிதருக்கு முகமே சரியில்லை.

“விண்டோஸ் டென்னுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாதாம். லெவன் போட்டா இந்தப் பெட்டி தாங்காதாம். புதுசு வாங்குங்கறான் சர்வீஸ் பையன். நாப்பதாயிரம் சார்!”

பையன் சொன்னது சரிதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான ஓட்டையடைப்பை நிறுத்திவிட்டது.

“லினக்ஸ் போட்டுக்கலாமே. காசே கிடையாது. பழைய பெட்டியிலயும் ஓடும்” என்றேன்.

கெட்ட வார்த்தை பேசியவனைப் போல் பார்த்தார். “ஓசில வந்தது மக்கர் பண்ணினா யாரைப் போய்த் திட்டறது?”

“இப்ப இருக்கற விண்டோஸுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?”

“அது வந்து... பையன் போட்டுக் குடுத்தான். ஐந்நூறு ரூபா.”

அதாவது, திருட்டு நகல். இலவசம் என்றால் பயம். திருட்டு என்றால் பயமில்லை!

சிரித்துவிட்டேனே தவிர, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த ஐந்நூறு, விண்டோஸுக்கான விலையே அல்ல. கூப்பிட்ட குரலுக்கு மொபெட்டில் ஓடி வரும் ஒரு ஆளின் விலை. மேலும் அவர் பிழைப்பு டாலியில். அது விண்டோஸில் ஓடுவதற்கென்றே எழுதப்பட்டது. ஆடிட்டர் கேட்பதும் அந்த ஃபைலைத்தான். அரை நாள் பில் போட முடியாவிட்டால் மேஸ்திரிகள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

இத்தனைக்கும் லினக்ஸ் நமக்கு அசலூர் இல்லை. 2007-ல் வந்த ‘பாஸ்’ லினக்ஸ், சென்னை சி-டாக்கில் உருவானது. அந்த முயற்சியில் கைகோத்த ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருப்பது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், தாம்பரத்திலிருந்து ரெண்டாவது ஸ்டேஷன். அதே காலகட்டத்தில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தன் அலுவலகத்தையே சூஸே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸ், பாஸ் இரண்டுமே இருந்தன. எங்கள் தெருப் பிள்ளைகள் எதைத் திறந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கணக்கு எளிது. நூறு பெட்டி உள்ள இடத்தில், மிச்சமாகும் லைசென்ஸ் பணத்தில் ஒரு எஞ்சினீயரையே வைத்துக்கொள்ளலாம். மேலே இருப்பவர் ‘மாறு’ என்றால் கீழே மாறியாக வேண்டும். ஒற்றைப் பெட்டிக் கடையில் முதலாளியும் அவரே, சிப்பந்தியும் அவரே. மாறச் சொல்ல ஆளில்லை. மாறினால் பார்க்கவும் ஆளில்லை.

மூன்று வருஷ ஜி.எஸ்.டி. கணக்கு, பூட்டில்லாத அந்த ஒரே பெட்டியில் கிடந்தது. என்னால் ஆனது, அத்தனையையும் பென் டிரைவில் நகலெடுத்து அவர் கல்லாவுக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது அவர் செல்போன் அடித்தது. ஆண்ட்ராய்டு.

“இதுக்கு உள்ள இருக்கறதும் லினக்ஸ்தான் தெரியுமா?”

“அப்படியா?” என்றார், துளிக்கூட அதிராமல். “இது ரிப்பேர்னா பரவால்ல சார். பக்கத்துக் கடைப் பையன் பாத்துக்கறான்.”