பத்தில் ஒன்பது நாள்

டயர் என்பது கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருள் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அப்பா விட்டுச்சென்ற மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பும், தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் சிறிய காப்பித் தோட்டமும் என் பொறுப்புக்கு வந்த பிறகுதான் அதிலும் தேர்வு என்று ஒன்று உண்டு என்பது விளங்கிற்று. அந்தத் தேர்வில், நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் கற்பனைக்குப் பெரும்பங்கு இருக்கிறது என்பது விளங்க இன்னும் சில காலம் பிடித்தது. இலக்கியம் பேசும் நண்பர்களிடையே ரப்பரைப் பற்றிப் பேசுவதற்குப் பொறுத்தருள வேண்டும். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வீட்டில் ஒருவராக வைத்துப் பேணுபவர்கள் நம்மில் சிலரேனும் இருப்பார்கள். இது அவர்களுக்காக.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பாதை தார்ச்சாலை. தோட்டத்தை நெருங்கும் கடைசி இரண்டு கிலோமீட்டர் மட்டும் செம்மண் தடம். நடுவில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தடம் குழைந்துவிடும். ஆக, ஒரு பயணத்தின் மிகச் சிறிய பகுதியில், அதுவும் ஆண்டில் சில வாரங்களில் மட்டுமே, சேறு என்ற ஒன்றை எங்கள் வண்டி சந்திக்கிறது. இந்த எளிய கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. போட்டிருந்தால் சேற்று டயர் வாங்கியிருக்க மாட்டேன்.

வாங்கினேன். 31 அங்குல உயரம், அகலமான முகம், கடைகளில் ‘பட்டன்’ என்கிறார்களே அந்தக் கட்டைகள் ஒவ்வொன்றும் கைப்பிடியளவு. வண்டி திடீரென்று இளமையாகிவிட்டதுபோல் இருந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். திருப்பத்தில் ஸ்பிரிங் பட்டையில் உரசிய ஓசையைக்கூட வீரத்தின் ஒலி என்றே எடுத்துக்கொண்டேன்.

2022 நவம்பரில் ஒரு மாலை, மழையில் இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னிருக்கையில் அம்மா. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. ஈரத் தாரின்மீது ஒரு பலகையைப்போல் வழுக்கிச் சென்று, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் முன்னாலிருந்த கம்பியைப் பற்றிய கையை வீடு வந்து சேரும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் பஞ்சர் கடை அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சேத்துல போகணும்னு கேட்டுத்தானண்ணே வாங்குனீங்க. மழைல நிக்கணும்னு கேக்கலையே.”

அவர் சொன்னதன் விளக்கம் இதுதான். சேற்று டயரில் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி மிகுதி. சேற்றை அள்ளி வெளியே எறிவதற்காக அமைந்த இடைவெளி அது. அந்த அளவுக்குத் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது. ஈரச் சாலையில் பிடிப்புத் தருபவை கட்டைகளின்மீது கீறப்பட்டிருக்கும் மெல்லிய கோடுகள். அவையும் சேற்று டயரில் குறைவு. புதைசேற்றில் நம்மைக் காப்பாற்றும் அதே அமைப்பு, மழை நனைத்த மலைப்பாதையில் நம்மைக் கைவிடுகிறது. ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டி இந்தக் குறையைக் கொஞ்சமேனும் மறைக்கக்கூடும். எங்கள் 540-இல் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். அதற்கு மறைக்கத் தெரியாது.

உயரமும் ஒரு பிழை. இந்த ஜீப்புக்கு விதிக்கப்பட்ட 6.00-16 டயரின் உயரம் ஏறக்குறைய 28.5 அங்குலம். அதன் இடத்தில் 31 அங்குலம் மாட்டினால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 9 விழுக்காடு கூடுதல் தொலைவு ஓடும். வேகமானி 50 காட்டும்போது உண்மையில் 54-ஐத் தாண்டியிருப்போம். இது சிறிய தீமை. கியர்கள் எல்லாம் அதே அளவுக்கு நீண்டுவிடுவது பெரிய தீமை. ஏற்றத்தில் எஞ்சின் திணறும். இறக்கத்தில், கியரில் விட்டு எஞ்சினால் வண்டியை அடக்கும் பிடி தளரும். பிரேக்கும் முன்னைவிடப் பெரிய சக்கரத்தை நிறுத்தியாக வேண்டும். மலையில் இறங்குகிறவனுக்கு இவற்றைவிட வேண்டாத மாற்றங்கள் இல்லை.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மை. மணலில் அகலம் உதவும்; வண்டி மிதந்து செல்லும். எங்கள் செம்மண் தடம்போல மேலே சேறும் அரையடிக்குக் கீழே கெட்டித் தரையுமாக இருக்கும் இடத்தில், குறுகிய சக்கரமே சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கிறது. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப் ஓடியது இதே 6.00-16 அளவில்தான். அந்த வில்லிஸை 1947-இல் இங்கே பொருத்தி விற்கத் தொடங்கிய மஹிந்திராவின் வழியாக அந்த ஒல்லிச் சக்கரம் நமக்கு வந்து சேர்ந்தது. அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். அது யோசித்துச் செய்யப்பட்டது.

பழைய வண்டிக்கே உரிய இன்னொரு செய்தி. ஃபோர் வீல் கியரைப் போட்டதும் இவ்வகை ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே வேக வேறுபாட்டை ஏற்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் தேய்ந்த இரண்டு, பின்னால் புதிய இரண்டு என்று போட்டால் உயர வேறுபாட்டின் சுமை முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்களில் விழும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்தச் சுமையைத் தணித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் அதற்கும் வழியில்லை. ஆகவே அங்கே ஃபோர் வீல் போடவே கூடாது. சிக்கனம் என்று இரண்டிரண்டாக மாற்றுவது கடைசியில் பெருஞ்செலவு. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் ஒரே வகையில் வாங்கி, ஐந்தையும் முறைவைத்து இடம் மாற்றி ஓட்டுவதே நல்லது. ரேடியலையும் நைலான் டயரையும் கலப்பதும் வேண்டாம்.

வாங்கும்போது பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பார்க்க வேண்டும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் பிறந்தது. குறைவாக ஓடும் பழைய வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, மூப்பினால் சாகிறது. ‘பட்டன் அப்படியே இருக்கிறதே’ என்று ஏமாறுவது இங்கேதான். பத்தாண்டைத் தாண்டிய டயரை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அகற்றிவிடுவதே அறிவு.

நண்பர்கள் கேட்கிறார்கள்: சரி, அந்தப் பத்தாவது நாள்? மழையில் தடத்தில் சிக்கிக்கொண்டால்? நியாயமான கேள்வி. சேற்று டயர் இருந்திருந்தால் தாண்டியிருப்போம் என்ற இடம் எனக்கும் வரக்கூடும். ஆனால் பத்தாவது நாளை எதிர்கொள்ள டயரைத் தவிரவும் வழிகள் உண்டு. காற்றைக் கொஞ்சம் இறக்கலாம். தரையைத் தொடும் பரப்பு நீளும். டியூப் டயராயின் அளவோடு இறக்க வேண்டும். இல்லையேல் ரிம்மின்மேல் டயர் சுழன்று வால்வைப் பிய்த்துவிடும். தார் ஏறுமுன் மறுபடி நிரப்ப ஒரு பம்ப் வேண்டும். மண்வெட்டியும் கயிறும் வண்டியில் கிடக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன், இறங்கிப்போய் ஓடையைக் காலால் அளந்து பார்க்கலாம். முடியாதென்றால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடக்கலாம். சேற்றில் தோற்றால் ஒரு பிற்பகல் வீணாகும். வளைவில் தோற்றால் வீணாவது பிற்பகல் அன்று. இரண்டு தோல்விகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் நாம் செய்யும் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் நான் வாங்கியது 15 அங்குல ரிம்மில் 215/75 அளவுள்ள, ஆல் டெரெயின் வகை ரேடியல். பொலேரோவில் ஓடும் அளவு என்பதால் சிற்றூரிலும் கிடைக்கும். பழைய டயரைவிட உயரம் முக்கால் அங்குலம் குறைவு. தரையிலிருந்து வண்டியின் இடைவெளி அதில் பாதியளவு குறையும். கூர்கல்லில் பக்கச்சுவர் கிழியும் வாய்ப்பு நைலானைவிட ரேடியலில் கூடுதல் என்பதையும் ஒப்புக்கொண்டே வாங்கினேன். முழுக்க முழுக்கக் கல்தடத்தில் ஓடும் வண்டியென்றால் 6.00-16 நைலானிலேயே இருந்திருப்பேன். குறையில்லாத டயர் கிடையாது. எந்தக் குறையோடு நம்மால் வாழமுடியும் என்பதைத்தான் தேர்ந்துகொள்கிறோம்.

புது டயர் போட்டு வந்த அன்று அம்மா வாசலில் நின்று பார்த்தார். “என்னப்பா, வண்டி சின்னதாப் போச்சு” என்றார். ஆமாம் என்றேன். அடுத்த மழையில் அதே வளைவில் இறங்கினோம். அவர் மடியிலிருந்த பையிலிருந்து கடலையை எடுத்து உரித்துத் தின்றுகொண்டிருந்தார், இரண்டு கைகளாலும்.