பூட்டி வைத்த போர் அறிக்கை

1962 அக்டோபர் 20 விடியற்காலையில் சீனப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியபோது, இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் நாம்கா சூ ஆற்றங்கரையில் காவலிருந்த இந்திய வீரர்களில் பலர் பருத்தி உடையில்தான் இருந்தார்கள். இமயக் குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி. துப்பாக்கிக்கு ஏறத்தாழ 50 தோட்டா. பின்னால் வாகனம் வந்துசேரச் சாலை இல்லை. எதிரே மேட்டு நிலம் சீனர் வசம். இந்தப் பள்ளத்தில் படையை நிறுத்துவது ஆபத்து என்று களத்தில் இருந்த அதிகாரிகள் முன்கூட்டியே மேலிடத்துக்குச் சொல்லியிருந்தார்கள். மேலிடம் கேட்கவில்லை. 7-ஆவது காலாட்படைப் பிரிகேடு அன்றே சிதறியது. அதன் தளபதி பிரிகேடியர் ஜான் தால்வி இரண்டு நாளில் சிறைப்பட்டார். ஒரு மாதப் போரில் 1,383 பேர் மடிந்ததாகவும், ஏறத்தாழ 1,700 பேர் காணாமல் போனதாகவும், ஏறத்தாழ 4,000 பேர் சிறைப்பட்டதாகவும் அரசுக் கணக்கே சொல்கிறது. இது ஏன் நேர்ந்தது என்று ராணுவமே விசாரித்து அறிக்கை எழுதியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அறிக்கை அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை. அதை வெளியிட வேண்டும். அதோடு, இனி நடக்கும் எந்தப் போரின் விசாரணையையும் இப்படிப் பூட்டிவைக்க முடியாதபடி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.

லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பிரேமிந்திர சிங் பகத் ஆகிய இருவரும் எழுதிய அந்த அறிக்கை 1963-இல் பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் கைக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் நாடாளுமன்றத்தில் அதன் சாரத்தை மட்டும் சொன்னார். பிறகு கதவு சாத்தப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கேட்டபோது, 2010-இல் மத்திய தகவல் ஆணையமும் மறுத்துவிட்டது. அறிக்கையில் உள்ளவை இன்றும் படை நடவடிக்கைகளுக்குத் தொடர்புடையவை என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் பதிலளித்தார். 2014 மார்ச்சில், மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லி, ஆவணங்களைக் காலவரையின்றி மறைக்கக் கூடாது என்று எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் பாதுகாப்பு அமைச்சர் நாற்காலியிலிருந்து, வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததல்ல என்றார். ஆட்சி மாறியும் பதில் மாறவில்லை. ஆகவே இதை ஒரு கட்சியின் குற்றமாகப் பார்க்க முடியாது. அதிகாரத்தில் அமர்பவர் எவருக்கும் வசதியாக இருக்கும் வழக்கம் இது.

இந்த மூடுமந்திரம் யாரிடமிருந்து எதை மறைக்கிறது? 1962-இல் தான் எந்தக் குன்றை எப்படிப் பிடித்தது என்பது சீன ராணுவத்துக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் 1970-இல் தன் புத்தகத்தை எழுதினார். 2014 மார்ச்சில் அதன் ஒரு பகுதியை இணையத்திலும் ஏற்றினார். உலகில் எவரும் படிக்கலாம் என்றாகிவிட்ட பக்கங்கள் இந்திய அரசின் பார்வையில் இன்றும் பரம ரகசியம். வெளிவந்த பக்கங்களிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எல்லையில் முன்னேறிக் காவல் சாவடிகளை அமைக்கும் கொள்கையை, அதைத் தாங்கும் படைபலம் இல்லாமலே கையில் எடுத்தார்கள். சீனா திருப்பி அடிக்காது என்ற ஊகத்தை நம்பிப் படையை அனுப்பினார்கள். நாம்கா சூவில் பருத்தி உடையோடு நின்றவனை அங்கே நிறுத்தியது இந்த ஊகம்தான். ஆனால் மக்கள் நினைவில் தங்கியிருப்பது ‘1962-இல் ராணுவம் தோற்றது’ என்ற ஒற்றை வரி. பூட்டிய கோப்பு படையைக் காக்கவில்லை. ஆணையிட்டவர்களைக் காத்து, பழியைப் படையின் தலையில் ஏற்றியிருக்கிறது.

மக்களாட்சியில் படைக்கும் சமூகத்துக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்படிக்கை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு போ என்றால் வீரன் போவான். ஏன் என்று கேட்கமாட்டான். சீருடையில் இருக்கும் வரை பத்திரிகையிடம் வாய் திறக்கவும் விதி இடம் தராது. இந்திய ராணுவம் இந்த உடன்படிக்கையை மீறியதில்லை. நம் அண்டை நாடுகளில் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றிய காலத்திலும் நம் படை பாசறைக்குள்ளேயே இருந்தது. ஆனால் உடன்படிக்கைக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. கேள்வி கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தவனுக்காக வேறு யாராவது கேட்டாக வேண்டும். அந்த வேலை நாடாளுமன்றத்தினுடையது. நாடாளுமன்றம் வழியாக மக்களுடையது. வீரன் தன் பாதியை நிறைவேற்றிவிட்டான். நிலுவையில் நிற்பது நம்முடைய பாதி.

அதை நிறைவேற்ற முடியாது என்றும் சொல்வதற்கில்லை. 1962-இல் சீனப் படை இந்திய மண்ணில் நின்ற நாட்களிலேயே நாடாளுமன்றம் கூடியது. வாஜ்பாய் உள்ளிட்டோர் கேட்டதற்கிணங்க பிரதமர் நேரு கூட்டத்தொடரை முன்கூட்டியே நவம்பர் 8-இல் கூட்டினார். ரகசிய அமர்வாக நடத்தலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. மக்களவையில் 165 உறுப்பினர்கள் பேசினார்கள். ஆளுங்கட்சியினரும் அரசைக் கேள்வி கேட்டார்கள். இன்றைய நிலையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையுடனான மோதலில் 20 வீரர்கள் மடிந்தார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். அமைச்சரின் அறிக்கை வாசிக்கப்பட்டதே தவிர, முழு விவாதம் நடக்கவில்லை. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான ‘ஆபரேஷன் சிந்தூர்’ சண்டை நான்கு நாளில் ஓய்ந்தது. நாடாளுமன்றம் அதைப் பற்றிப் பேசியதோ ஜூலை இறுதியில். இடைப்பட்ட காலத்தில், நம் விமானங்கள் வீழ்ந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் ஒப்புக்கொண்டார். அதையும் சிங்கப்பூரில், வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்னார். எத்தனை என்ற கேள்வி மக்களவையில் எழுந்தபோது, தேர்வில் முடிவுதான் முக்கியம், பென்சில் உடைந்ததா என்பது முக்கியமல்ல என்ற பொருளில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் பதில் தந்தார். போர்விமானம் பென்சில் அல்ல. அதற்குள் ஒரு விமானி அமர்ந்திருக்கிறார்.

போர்முறை மாறிவிட்டதால் ரகசியத்தின் பயனும் குறைந்துவிட்டது. தனியார் நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களில் ஓடுபாதையின் குழிகளைக்கூட எண்ணிவிடலாம். ட்ரோன் விழுந்த இடத்தை அந்த ஊர்க்காரரின் கைபேசி அடுத்த நிமிடமே உலகுக்குக் காட்டிவிடுகிறது. இந்தச் சூழலில் அரசு வாய் மூடினால் அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பும். 2025 மே 8 இரவு நம் தொலைக்காட்சிகள் சில கராச்சித் துறைமுகத்தையே அழித்துவிட்டதாகக் கூவின. மறுநாள் காலை துறைமுகம் அதே இடத்தில் இருந்தது. எதிரிக்கு உண்மை தெரியும், உலகுக்குத் தெரியும், பொய்யை நம்பி விடிய விடியக் கண்விழித்தது நம் மக்கள் மட்டும்தான்.

தமிழர்களுக்கு இந்த மௌனத்தின் விலை தெரியும். 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்பாட்டின் பேரில் அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் போரில் இறங்கியது. அக்டோபர் 11 நள்ளிரவையொட்டி, விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து வீரர்களை இறக்கினார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் அங்கேயே மடிந்தார்கள். ஒருவர் மட்டும் சிறைப்பட்டார். பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையின் தோட்டாக்களுக்கு மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் எனப் பலர் பலியானார்கள். முப்பது பேரை அந்த இருட்டில் இறக்கச் சொன்னது யார்? மருத்துவமனையில் சுடச் சொன்னது யார்? ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் படை திரும்பியது. சென்னைக்கு வந்திறங்கிய வீரர்களை வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழகத்தின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் தில்லியில் கொள்கை வகுத்தவர்களின் மேசை. பொதுவிசாரணை எதுவும் நடக்காததால் அது கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாயின் மேல் விழுந்தது. ஈழத் தமிழருக்கு நீதியும் இல்லை. இந்திய வீரனுக்கு மரியாதையும் இல்லை.

மாறாக, திறந்து பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கார்கில் சான்று. 1999 ஜூலை 26-இல் போர் முடிந்தது. மூன்றே நாளில் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக்குழு அமைந்தது. ஐந்து மாதத்துக்குள் அறிக்கை தந்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டு 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உளவுத்துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததை அது பொதுவெளியில் சொன்னது. அதன் தொடர்ச்சியாகவே பாதுகாப்பு உளவு முகமை உருவானது. முப்படைத் தலைமைத் தளபதி பதவியும், இருபது ஆண்டுகள் தாமதித்தாலும், அந்தச் சீர்திருத்தப் பேச்சின் விளைவுதான். இதனால் ராணுவத்தின் மதிப்பு குறைந்ததா? கார்கில் வீரர்களின் பெயர் இன்றும் பள்ளிக் குழந்தைகளுக்குத் தெரியும். பிற நாடுகளையும் பார்க்கலாம். 1973 போரில் எதிர்பாராத அடி வாங்கிய இஸ்ரேல் அடுத்த மாதமே அக்ரனாட் ஆணையத்தை அமைத்தது. 1974 ஏப்ரலில் அதன் இடைக்கால அறிக்கை வந்ததும் தலைமைத் தளபதி போனார், மக்கள் கொதிப்பில் பிரதமர் கோல்டா மேயரும் விலகினார். 1971 தோல்வி குறித்த ஹமூதுர் ரகுமான் ஆணைய அறிக்கையைப் பாகிஸ்தானும் மறைத்துத்தான் வைத்திருந்தது. அது இந்தியப் பத்திரிகை ஒன்றில் கசிந்த பிறகு, 2000 டிசம்பரில் அதன் பெரும்பகுதியை வெளியிட்டது. அப்போது அங்கே நடந்தது முஷாரபின் ராணுவ ஆட்சி. ராணுவ ஆட்சி செய்ததை உலகின் மிகப் பெரிய மக்களாட்சி செய்யத் தயங்குவது வெட்கக்கேடு.

மறுப்பவர்களின் வாதங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. எல்லைத் தகராறு தீரவில்லை, மலையும் கணவாயும் அப்படியே இருக்கின்றன, எனவே பழைய அறிக்கைக்கும் இன்று பயன் உண்டு என்பது முதல் வாதம். மலை மாறவில்லைதான். சாலை, ஆயுதம், படைநிலை, கண்காணிப்பு எல்லாம் மாறிவிட்டன. அதையும் மீறி உண்மையிலேயே தீங்கு தரும் வரிகள் இருந்தால், கார்கில் அறிக்கையில் செய்ததுபோல் அவற்றை மட்டும் நீக்கலாம். நான்கு பக்கத்துக்காக முழு நூலையும் பூட்ட வேண்டியதில்லை. படையின் மனஉறுதி குலையும் என்பது இரண்டாவது வாதம். தவறான ஆணையால் தோழனை இழந்த வீரனின் மனம், அந்த ஆணையைப் பற்றி யாரும் பேசாததால் தேறிவிடுமா? மூன்றாவது வாதத்தில் நியாயம் அதிகம்: கட்சிகள் அறிக்கையைத் தேர்தல் ஆயுதமாக்கும். நிச்சயம் ஆக்கும். அதற்கு மருந்து, வெளியிடும் நாளை எந்த ஆட்சியின் விருப்பத்துக்கும் விடாமல் சட்டத்தில் எழுதிவிடுவது. யார் ஆட்சியில் இருந்தாலும் கதவு அந்தத் தேதியில் திறக்கும் என்றால், அதைத் திறந்த பெருமையும் மூடிய சூழ்ச்சியும் எவருக்கும் இல்லை.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்ததே, போதாதா என்று கேட்கலாம். போர் வரலாற்றை ஐந்து ஆண்டுகளுக்குள் எழுத வேண்டும், ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளியிட வேண்டும் என்கிறது அது. வரவேற்கத்தக்க அடிதான். ஆனால் அது சட்டமல்ல. அமைச்சகம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட நெறி. எதை வெளியிடலாம் என்பதையும் அதே அமைச்சகமே தீர்மானிக்கும். கேள்விக்கு ஆளாக வேண்டியவரே விடைத்தாளையும் திருத்தும் ஏற்பாடு இது. 25 ஆண்டு என்ற அளவுகோலின்படி 1963-இன் அறிக்கை 1988-இலும், இலங்கையில் நடந்த போரின் ஆவணங்கள் 2015-இலும் வெளிவந்திருக்க வேண்டும்.

எனவே நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை நான்கு. ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை வெளியிட அரசை வலியுறுத்த வேண்டும். எல்லை தாண்டிய எந்தப் பெரிய படை நடவடிக்கையும் முடிந்த ஆறு மாதத்துக்குள் சுதந்திரமான ஆய்வுக்குழு அறிக்கை தர வேண்டும், அது அவையில் வைக்கப்பட வேண்டும் என்று சட்டம் இயற்ற வேண்டும். அந்தக் குழுவின் வரம்பு பாசறையோடு நில்லாமல் அமைச்சரவை வரை நீள வேண்டும். 25 ஆண்டு கடந்த ஆவணத்தை மறைக்க விரும்பும் அரசு, அதற்கான காரணத்தை அமைச்சகத்துக்கு வெளியே உள்ள ஒரு நீதிபதியின் முன் நிரூபிக்க வேண்டும். இவற்றில் எதுவும் தளபதியின் கையைக் கட்டாது. ஆணையிடும் அரசியல்வாதியை ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும், அதுதான் வேண்டும்.

இருபது வயதில் நாம்கா சூவில் நின்று உயிர் தப்பியவருக்கு இன்று எண்பது கடந்திருக்கும். அந்தத் தலைமுறை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. தங்களை அங்கே ஏன் நிறுத்தினார்கள் என்பதை அவர்கள் ஒரு வெளிநாட்டுக்காரரின் இணையதளத்தில் தேடக் கூடாது. தம் சொந்த அரசின் முத்திரையோடு படிக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே அந்த அறிக்கையை வெளியிடுங்கள்.