செஞ்சிப் பாசறையும் செய்தியின் அறமும்

படைகள் எதிரெதிரே நிற்குங்காலத்து வாளினும் கூரியது செய்தியாகும். இதனை உணர்ந்தே வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடலுக்கும் தூதுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றர் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றரால் ஆராய்ந்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது அவர்தம் கருத்து. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

மராட்டிய மன்னர் இராசாராம் தங்கியிருந்த நம் செஞ்சிக் கோட்டையை 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்டார். 1692இன் இறுதியில் மராட்டியக் குதிரைப்படைகள் வந்து வழிகளை மறித்தன. முகலாயப் பாசறைக்கு உணவும் கடிதமும் வருவது தடைப்பட்டது. கடிதம் நின்ற இடத்தில் வதந்தி குடியேறிற்று. பேரரசர் அவுரங்கசீப் இறந்துவிட்டார் என்ற பேச்சுப் பரவியது. உண்மையில் அவர் மறைந்தது 1707இல்தான். ஆயினும் பாசறையிலிருந்த இளவரசர் காம் பக்சு இராசாராமுடன் மறைவாகப் பேச முற்பட்டார். தளபதியும் அவர் தந்தை அசத் கானும் இளவரசரையே சிறைப்படுத்தினர். படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டை வீழ்ந்ததோ 1698இல். அதுவரை இரு படைகளுக்கும் நடுவே கிடந்தவை நம் ஊர்களே.

பிற நாடுகளிலும் இதுவே நிலை. 1937 சூலை 7 அன்று பீக்கிங் நகருக்கு அருகே மார்க்கோ போலோ பாலத்தில் சப்பானியச் சிப்பாய் ஒருவரைக் காணவில்லை என்ற தகவல் எழுந்தது. அவர் விரைவில் திரும்பிவிட்டார்; ஆனால் மூண்ட சீன-சப்பானியப் போர் 1945 வரை நீண்டது. மண்ணாசை முன்பே இருந்தது. தகவல் அதற்குச் சாக்காயிற்று.

போர்க்காலத்தில் செய்தியை மறைத்தலே நன்று என்பாரும் உளர். அது பொருந்தாது. செஞ்சிப் பாசறையைக் குலைத்தது செய்தியின் மிகுதியன்று, மெய்ச்செய்தியின் இன்மையே. தூதரும் செய்தியாளரும் கண்டதைக் கண்டவாறும், ஐயத்தை ஐயமெனவும் உரைத்தல் வேண்டும்.

2025 மே மாதம் இந்திய-பாகிசுதான் மோதலின்போது கராச்சித் துறைமுகம் அழிந்ததெனச் சில தொலைக்காட்சிகள் முழங்கின. அது பொய்யென்று பின்னர்த் தெரிந்தது. எல்லையில் பிறக்கும் பொய், நம் தெருவில் அண்டை வீட்டார் மீது ஐயமாக வந்து இறங்குகின்றது. செய்தியை ஆராயாவிடில் அறியாமலே பிறர்க்குத் தீங்கிழைக்க நேரும் எனத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் எச்சரிக்கின்றது. குறளும் குர்ஆனும் ஒருங்கே வற்புறுத்தும் நெறி இது.

மாணவச் செல்வங்களே! இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் செய்தி அனுப்பும் கருவி உள்ளது. விரல் அசையுமுன் அறிவு அசையட்டும்!