பழி மரபணு மேலா?

நுரையீரல் புற்றுநோய் வருவதும் வராததும் பிறவியிலேயே தீர்மானமாகிவிடுகிறது, சிகரெட்டைக் குறைசொல்லிப் பயனில்லை என்று வாதிடுவோர் இதைப் புது அறிவியல்போலப் பேசுகிறார்கள். சரக்கு பழசு. 1950களின் கடைசியில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் சொன்னதுதான் இது: புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபுக்கூறு தரக்கூடும். ஃபிஷர் பைப் பிடிப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களின் ஆலோசகரும்கூட.

அதை விடுங்கள், வாதத்தையே பார்ப்போம்.

சிகரெட்டை விட்டவரின் பிறவி மரபணு மாறுவதில்லை. ஆபத்து மட்டும் ஏன் குறைகிறது? 2000இல் ரிச்சர்ட் பீட்டோவும் ரிச்சர்ட் டாலும் மற்றவர்களும் வெளியிட்ட பிரிட்டன் கணக்கில், தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு 75 வயதுக்குள் இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம். 50 வயதில் விட்டவர்களுக்கு 6. 30இல் விட்டவர்களுக்கு 2. ஃபிஷரின் கருதுகோளில் இதற்கு இடமே இல்லை.

மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் டி790எம் என்ற பிறழ்வைப் பரம்பரையாகப் பெற்ற குடும்பங்களில் புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. ஆனால் அது மிக அரிது.

பரவலாகக் காணப்படுவது வேறு. 2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் 15ஆம் குரோமோசோமில் ஆபத்தைக் கூட்டும் ஓர் இடத்தைக் கண்டன. அங்கிருப்பவை, சிகரெட்டின் நிகோடின் உடலில் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள்! அந்த இடத்திலுள்ள ஆபத்தான மரபணு வகையின் ஒரு பிரதி ஆபத்தை ஏறக்குறைய 30 சதவீதம் கூட்டுகிறது. சிகரெட்டோ அதைப் பத்து மடங்குக்கும் மேல் ஏற்றுகிறது. அந்த மரபணு வகை உள்ளவர்தான் மற்றவரைவிட அவசரமாகச் சிகரெட்டை விடவேண்டியவர்.